சேலத்துக் காற்று ஏற்காடு ஏறும்போது

சேலத்தில் ஜனவரியில் ஒரு நாள், மே மாதத்தில் ஒரு நாள். இரண்டு நாளும் காற்றில் பி.எம். 2.5 அளவு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் செயலி இரண்டு நாளுக்கும் ஒரே பச்சை நிறத்தைக் காட்டி, ‘திருப்தி’ என்று சொல்லும். ஆனால் அந்த இரண்டு நாளும் மூச்சோடு உள்ளே போன பொருள் ஒன்றல்ல. ஜனவரியில் விறகுப் புகை, குப்பைப் புகை, டீசல் கரி, அம்மோனியம் நைட்ரேட் தூக்கலாக இருக்கும். மே மாதத்தில் சல்பேட், மண், வெயிலில் விளைந்த கரிமச் சேர்மங்கள். எடை ஒன்றுதான், சரக்கு வேறு.

பி.எம். 2.5 என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஓர் அளவின் பெயர். 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த குறுக்களவு கொண்ட எந்தத் துகளும் அதற்குள் அடங்கும். கரித்தூள், உப்பு, அமிலத் துளி, ஈயம், பூஞ்சை வித்தின் சிதறல், நெகிழிப் புகை, எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும். காற்று கெட்டிருக்கிறதா என்று கேட்பவருக்கு அந்த ஓர் எண் பதில் சொல்லும். ஏன் கெட்டது, எதை நிறுத்தினால் சரியாகும் என்று கேட்பவருக்கு அதில் பதில் இல்லை. அதற்குத் துகளின் வேதியியலைப் பார்க்க வேண்டும். அந்த வேதியியல் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள ஏற்காட்டைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 30 கிலோமீட்டர் மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரப் பயணத்தில் 1,200 மீட்டர் ஏறிவிடுகிறோம். கீழே தொழில் நகரம், மேலே காப்பித் தோட்டம். கீழே உள்ள காற்று மேலே வருகிறதா, எப்போது வருகிறது, வரும் வழியில் என்னவாக மாறுகிறது என்ற மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஜனவரியிலிருந்து தொடங்குவோம். சேலம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலைத்தொடர். மழை ஓய்ந்த பிறகு, வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில், இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்றும் வழிந்து கிண்ணத்துக்குள் இறங்குகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். வழக்கமாக உயரே போகப்போகக் குளிர வேண்டிய காற்று, இங்கே தலைகீழாகிவிடுகிறது. கனத்த காற்று மேலெழாது. தரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே ஊரின் மொத்தப் புகையும் அடைபட்டுவிடும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் முனையில் நின்று அப்படிப்பட்ட ஒரு விடிகாலையில் கீழே பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சேலத்தின் மேல் வெளிறிய பழுப்பில் ஒரு போர்வை விரிந்திருக்கும். அதன் மேல்விளிம்பு கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே வானம் சுத்தமான நீலம். அந்தக் கோடுதான் வெப்பம் தலைகீழான அடுக்கு. அந்த வேளையில் ஏற்காடு கோட்டுக்கு மேலே இருக்கிறது. அதனால் ஜனவரி விடிகாலையில் மலையில் கிடைக்கும் காற்று உண்மையாகவே சேலத்துக் காற்று அல்ல.

போர்வைக்குள் என்ன இருக்கும்? நேரடியாகப் புகையாகவே வெளிவந்தவை முதலில். வெந்நீர் அடுப்பின் விறகுப் புகை, தெருவோரத்தில் கொளுத்திய குப்பை, லாரியின் டீசல் கரி. விறகும் சருகும் எரிந்ததற்கு வேதியியலில் தனித்த தடயம் உண்டு. மரத்தின் செல்லுலோஸ் எரியும்போது லெவோகுளுகோசன் என்ற சர்க்கரைச் சேர்மம் உண்டாகிறது. பெட்ரோலோ டீசலோ எரிந்தால் அது வராது. காற்றை உறிஞ்சித் துகளைப் பிடிக்கும் வடிதாளில் லெவோகுளுகோசனும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறியிருந்தால், எங்கோ விறகோ சருகோ எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது, காற்றிலேயே பிறக்கும் துகள்கள். குளிர்காலத்தின் கதாநாயகன் என்று அம்மோனியம் நைட்ரேட்டைத்தான் சொல்ல வேண்டும். வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் நைட்ரிக் அமில ஆவியாகின்றன. சாணம், யூரியா, கோழி எச்சம் இவற்றிலிருந்து அம்மோனியா எழுகிறது. சேலத்துக்குத் தெற்கே, 1997 வரை சேலம் மாவட்டமாகவே இருந்த நாமக்கல், நாட்டின் பெரிய கோழிப்பண்ணை வட்டாரங்களில் ஒன்று என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். இரண்டு வாயுக்களும் சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட் என்ற திண்மம் உண்டாகிறது. ஆனால் இந்தச் சேர்க்கை நிலையானதல்ல. வெப்பம் ஏறினால் மறுபடியும் பிரிந்து இரண்டு வாயுக்களாகப் போய்விடும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால், பிரிந்துபோகும் போக்கு பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. 35 டிகிரி பகலில் நிற்காத துகள் 15 டிகிரி விடியலில் நிலைத்து நிற்கிறது. அதனால் ஒரே வண்டிகள், ஒரே பண்ணைகள், ஒரே அளவு புகை இருந்தாலும் ஜனவரியில் பி.எம். 2.5 ஏறும், மே மாதத்தில் அந்தப் பங்கு காணாமல் போகும். புகை குறைந்துவிட்டது என்று நாம் தப்பாக நினைத்துக்கொள்வோம்.

அளப்பதிலும் இது சிக்கல் தருகிறது. வெயில் காலத்தில் நாள் முழுக்க வைத்திருந்த வடிதாளில் காலையில் படிந்த நைட்ரேட் மாலைக்குள் ஆவியாகிவிடும். அதைப் பிடித்துவைக்க நைலான் வடிதாள் ஒன்றைப் பின்னால் வைப்பார்கள்.

அந்த வடிதாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தாள். அதன் வழியாக நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை உறிஞ்சினால், 24 கன மீட்டர் காற்று கடந்திருக்கும். அளவு 50 மைக்ரோகிராம் என்றால் தாளில் படிந்தது 1.2 மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட இராது. அந்தத் துளியைத்தான் பங்கு போட்டுப் பல கருவிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து சல்பேட், நைட்ரேட், குளோரைடு, அம்மோனியம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஒரு துண்டைச் சூடேற்றிக் கரியையும் கரிமச் சேர்மத்தையும் பிரிக்கிறார்கள். இன்னொன்றில் உலோகங்கள். தாளின் நிறமே பாதிச் சேதியைச் சொல்லிவிடும். கரி மிகுந்தால் கறுப்பு. மண் மிகுந்தால் செம்பழுப்பு. சல்பேட்டும் நைட்ரேட்டும் நிறமற்றவை என்பதால், வெளுத்த தாளைப் பார்த்துக் காற்று நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

குளிர்காலத்தில் இன்னொரு சரக்கும் சேர்கிறது, குளோரைடு. கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் டெல்லியின் துகள்களில் அவ்வளவு குளோரைடு ஏன் என்ற கேள்வியைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தேயும் கூட்டு ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்டு, 2021-இல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் விடை எழுதினார்கள். நெகிழி கலந்த குப்பை எரியும்போதும் சில தொழில்களிலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வருகிறது. அது அம்மோனியாவோடு சேர்ந்து குளிர்ந்த ஈர இரவில் துகளாகிறது. அந்தத் துகள் நீரை இழுத்து ஊதிப் பெருக்கிறது. டெல்லியில் எதிரே வரும் வண்டி தெரியாமல் போவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். பனி என்று நாம் சொல்லும் வெள்ளைத் திரையில் எவ்வளவு பனி, எவ்வளவு குப்பைப் புகை என்று கேட்க வைத்த ஆய்வு இது. சேலத்திலும் குப்பை மூட்டத்தில் பி.வி.சி. குழாயும் ஒயர் உறையும் எரிந்தால் நடக்கும் வேதிவினை இதே வினைதான்.

அதற்கு உச்சம் போகி. மார்கழிக் கடைசி நாள், ஆண்டில் காற்று மிகவும் அடைபட்டிருக்கும் காலம், விடிவதற்கு முந்திய நேரம். புகையைப் பிடித்துவைக்க இதைவிடத் தோதான வேளை கிடைக்காது. 2018 ஜனவரி 13 அன்று சென்னையில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து கவிந்ததில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. தீபாவளிச் சரக்கு வேறு மாதிரி. பச்சை ஒளிக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், வெடிமருந்தின் பொட்டாசியமும் கந்தகமும், மினுமினுப்புக்கு அலுமினியம். ஒரே இரவில் துகளில் உலோகங்கள் பல மடங்கு ஏறி, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். ஐப்பசியில் மழையோ கீழைக்காற்றோ கைகொடுக்கவும் வாய்ப்புண்டு. போகிக்கு அந்த வாய்ப்பு இல்லை. உச்ச நீதிமன்றம் 2018-இல் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்ததும், துகளில் என்ன இருக்கிறது என்று யாரோ அளந்து பார்த்ததனால்தான்.

பொங்கல் போய், மாசி பிறந்து, வெயில் ஏறுகிறது. இப்போது கிண்ணத்தின் மூடி திறக்கிறது. பகலில் தரை சுட, காற்று கொதித்தெழுந்து, ஏப்ரல் மே பிற்பகல்களில் இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் கலந்துவிடுகிறது. ஏற்காடு இருப்பதோ தரையிலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே. அதாவது, விடிகாலையில் கோட்டுக்கு மேலே இருந்த மலை, பிற்பகலில் கோட்டுக்குள்ளே வந்துவிடுகிறது. அதோடு வெயில்பட்ட மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்கின் காற்றைத் தன் மேலே இழுக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் அடிவாரத்திலிருந்து மலைமேல் வீசும் காற்று, சேலத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. சுற்றுலாக் கூட்டம் அலைமோதும் மே மாதப் பிற்பகலில், சுத்தமான மலைக்காற்று என்று நம்பி மூச்சு வாங்குபவர், நீர்த்துப்போன நகரக் காற்றைத்தான் வாங்குகிறார்.

நீர்த்துப்போன என்பதோடு விட்டுவிட முடியாது. ஏறும் வழியில் காற்று வேறாகிறது. மேலெழும் உலர்ந்த காற்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி குளிர்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு வரை ஏறும்போது 12 டிகிரி வரை இறங்கிவிடும். குளிரக்குளிர ஈரப்பதம் ஏறும். மேலே அம்மோனியம் நைட்ரேட்டுக்குச் சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். கீழே 35 டிகிரியில் வாயுவாகத் திரிந்த அம்மோனியாவும் நைட்ரிக் அமிலமும், மேலே 23 டிகிரியில் மறுபடி துகளின் மேல் படியத் தொடங்கும். ஈரப்பதம் 62 சதவீதத்தைத் தாண்டினால் அம்மோனியம் நைட்ரேட் நீரை உறிஞ்சித் துளியாகும். 80-ஐத் தாண்டினால் அம்மோனியம் சல்பேட்டும் அப்படியே. வேதியியல் கணக்கில், 20 வளைவுகள் ஏறுவது மே மாதத்திலிருந்து ஜனவரிக்குப் போவதற்குச் சமம். பருவ மாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வெப்பம், ஈரம், வெயில் மூன்றின் மாற்றம்தான். மலை அதைக் குறுக்குவாட்டில் அல்லாமல் செங்குத்தாக அடுக்கி வைத்திருக்கிறது.

கோடையில் நுண்துகளில் சல்பேட்டின் கை ஓங்கும். நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடு வாயுவாகிறது. இந்த வட்டாரத்தில் நிலக்கரி என்றால் மேட்டூர் அனல்மின் நிலையம்தான் நினைவுக்கு வரும், 840 மெகாவாட் பழைய நிலையமும் 600 மெகாவாட் புதிய அலகும். பளிச்சென்ற வெயிலில் காற்றில் உண்டாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (ராடிக்கல்), அந்த வாயுவை நாட்கணக்கில் மெல்ல மெல்ல கந்தக அமிலமாக்குகிறது. அதற்குள் காற்று பல நூறு கிலோமீட்டர் போயிருக்கும். அதனால் சல்பேட் என்பது உள்ளூர்ச் சரக்காக இருக்க வேண்டியதில்லை, எங்கோ ஏற்றியது இங்கே இறங்கலாம். நைட்ரேட்டைப் போல அது சூட்டில் ஓடுவதும் இல்லை.

ஏற்காட்டில் மேகம் இறங்கும் நாட்களில் இந்த வினை வேகமெடுக்கிறது. கிளியூர் அருவிப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, “மேகம் எறங்கிருச்சுங்க” என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுக் காரியத்தைப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் பத்தடிக்கு அப்பால் சில்வர் ஓக் மரம் தெரியாது. மிளகுக் கொடியின் இலை நுனியில் சொட்டு கட்டும். அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் ஒரு நுண்துகளைச் சுற்றித் திரண்ட பல மேகத்துளிகளின் கூட்டு. துகள் இல்லாமல் மேகத்துளி பிறக்காது. பிறந்த துளிக்குள் சல்பர் டை ஆக்சைடு கரைகிறது, காற்றிலிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கரைகிறது. வெறும் காற்றில் நாட்கணக்கில் நடக்கும் வேலை துளிக்குள் நிமிடங்களில், மணிகளில் முடிகிறது. உலகில் உண்டாகும் சல்பேட்டில் பாதிக்கு மேல் இப்படி மேகத்துக்குள்தான் உண்டாகிறது. மேகங்களில் பெரும்பாலானவை மழையாகப் பெய்வதில்லை, கலைந்து ஆவியாகின்றன. மேகம் கலைந்ததும் நீர் போய்விடும், உள்ளே விளைந்த சல்பேட் துகளோடு தங்கிவிடும். மேகத்துக்குள் போனதைவிடப் பெரிய, உப்பு மிகுந்த துகள் வெளியே வருகிறது. மேகம் வந்து காற்றைக் கழுவிவிட்டது என்று மலையில் எல்லோரும் நம்புகிறோம். மழையாகப் பெய்தால் கழுவும். வெறுமனே வந்து கலைந்தால் துகளைச் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகும்.

இதே வினை மிகக் கொடூரமாக நடந்த இடம் லண்டன். 1952 டிசம்பரில் ஐந்து நாள் மூடுபனியும் நிலக்கரிப் புகையும் சேர்ந்து நின்றதில் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னாளைய மதிப்பீடு 12,000 வரை போகிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், லாஸ் ஏஞ்சலஸில் நல்ல வெயில் நாளில் கண்ணை எரித்த புகைமூட்டத்துக்குக் காரணம் வண்டிப் புகையின் மேல் வெயில் செய்த வேதிவினை என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் கண்டுபிடித்தார். ஒன்று குளிர்காலத்துக் கந்தகப் புகை, மற்றது வெயில் காலத்து ஒளிவேதிப் புகை. நம் நாட்டில் ஒரே ஊர் ஓர் ஆண்டுக்குள் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

வெயில் காலத்துக் கணக்கில் மரங்களும் சேரும். தைல மரமும் இன்னும் பல மரங்களும் வெயில் ஏறும்போது ஐசோப்ரீன், டெர்ப்பீன் ஆவிகளை விடுகின்றன. தனியே இருந்தால் அதில் பெரிய தீங்கில்லை. தொலைவில் தெரியும் மலைகளின் நீலத் திரைக்கு இந்த ஆவிகளிலிருந்து பிறக்கும் துகள்களே காரணம் என்று 1960-இல் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் எழுதினார். ஆனால் கீழேயிருந்து ஏறி வரும் நகரத்து நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் கலந்தால் ஓசோனும் கரிமத் துகள்களும் கூடுதலாக விளைகின்றன. காட்டைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மரம் என்றைக்கும் விட்டுக்கொண்டிருந்த மூச்சில் நாம் கொண்டுபோய்க் கலந்ததுதான் புதிது.

கோடை மண்ணின் காலமும்கூட. சேலத்துக்கு வடக்கே சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல் என்று சொல்லப்படும் மக்னசைட் நூறாண்டுக்கு மேலாக வெட்டப்படுகிறது. அது மக்னீசியம் கார்பனேட், காரத்தன்மை உள்ள கனிமம். சேர்வராயன் மலையின் மேலோ அலுமினியமும் இரும்பும் மிகுந்த செம்மண். அதிலிருந்து பல்லாண்டு பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்கள். காரத்தன்மை உள்ள தூசியில் நைட்ரிக் அமில ஆவி பட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், மக்னீசியம் நைட்ரேட்டாகவோ கால்சியம் நைட்ரேட்டாகவோ நிலைத்துவிடும். இது சூட்டில் பிரியாது. குளிர்காலத்தில் நுண்துகளில் இருந்த நைட்ரேட், கோடையில் பெரிய துகள்களுக்கு இடம் மாறிவிடுகிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போக வேண்டியது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு பருவத்திலும் நைட்ரேட் இருக்கிறது என்று ஆய்வறிக்கை சொன்னால், எந்த அளவுத் துகளில் என்று கேட்க வேண்டும்.

மலைப்பாதையின் சரக்கு தனி. ஏறும் வண்டி கரியைக் கக்குகிறது, இறங்கும் வண்டி பிரேக்கைத் தேய்க்கிறது. பிரேக் தூசியில் இரும்பு, செம்பு, ஆன்டிமனி, பேரியம் இருக்கும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 எரிபொருள் வந்து, டீசலின் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. புகைபோக்கி சுத்தமாகிறது, பிரேக்கும் டயரும் அப்படியே இருக்கின்றன. கோடை விழாக் கூட்டத்தில் வளைவுக்கு வளைவு வண்டிகள் முட்டி நிற்கும்போது, இனி வரும் ஆண்டுகளில் அந்த உலோகத் தூசிதான் பெரிய பங்காக இருக்கும் என்பது என் எண்ணம்.

மழைக்கு வருவோம். ஜூனில் தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மலைகளைத் தாண்டியும் வருகிறது. வரும்போது அரபிக் கடலின் உப்பையும், சில சமயம் அரபுப் பாலைவனத்துத் தூசியையும் கொண்டுவரும். அக்டோபருக்குப் பிறகு காற்று திரும்பி, வங்கக் கடல் உப்பு வரும். நகரங்களைக் கடந்து வந்த கடலுப்பில் ஒரு மாற்றம் தெரியும். சோடியம் இருக்கும், குளோரைடு குறைந்திருக்கும். வழியில் நைட்ரிக் அமிலம் அதன் குளோரினைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு குளோரைடு குறைந்திருக்கிறது என்பதை வைத்து, அந்தக் காற்று எவ்வளவு அழுக்கைக் கடந்து வந்தது என்று கணிக்கிறார்கள்.

மழை எல்லாத் துகளையும் ஒரே மாதிரி கழுவுவதில்லை. விழும் துளி பெரிய தூசியை இடித்து அள்ளிவிடும். மிக நுண்ணியவை தாமாக அலைந்து துளியில் ஒட்டும். இடைப்பட்ட 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை இரண்டுக்கும் தப்பித்துத் துளியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நுரையீரலின் அடிவரை போகும் துகள்களில் பெரும்பகுதி இந்த அளவுக்குள்தான் வருகிறது. அவற்றைக் கீழே இறக்க, மேகத்துக்குள்ளேயே துளியின் வித்தாகி மழையோடு விழ வேண்டும். சுத்தமான டீசல் கரி நீரோடு ஒட்டாது. சல்பேட்டும் நைட்ரேட்டும் மேலே பூசிக்கொண்ட பழைய கரிதான் எளிதில் மழையில் இறங்கும்.

மழைக்காலத்தில் உயிர்த்துகள்கள் ஏறுகின்றன. மூணாறில் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014 தென்மேற்குப் பருவமழையில், புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும் உயிர்த்துகள்களை எண்ணினார்கள். கடலிலிருந்து நேரே காற்று வீசியபோது குறைவாகவும், காடுகளைத் தாண்டி நிலத்தின் மேலாக வந்தபோது கூடுதலாகவும் இருந்தன. பூஞ்சை வித்துகள் அதில் முக்கியமானவை. ஆடி மாத ஈரத்தில் மலையில் இளைப்பு கூடுகிறவர்களுக்குச் செயலி காட்டும் எண் குறைவாகவே இருக்கும். எண்ணில் தெரியாததால் அவர்கள் கஷ்டம் கற்பனை ஆகிவிடாது. மழையைத் தாண்டி, இன்னொரு மலையையும் பார்க்கலாம். மகாபலேஷ்வரில் புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2012 முதல் மலையுச்சி ஆய்வகம் ஒன்றை நடத்துகிறது. ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்ந்த அந்த மலையிலும் நுண்துகளில் கரிமப் பொருளும் சல்பேட்டுமே மேலோங்கி நிற்கின்றன. உயரம் ஒரு மலையை ஊரிலிருந்து பிரித்துவிடுவதில்லை.

இதெல்லாம் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதில் ஆய்வு வேகமாக நகர்கிறது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தார் ஐரோப்பாவை வைத்து 2020-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. துகளின் எடையில் பெரும்பகுதி மண்ணும் உப்புகளும் என்றாலும், செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்ற வலிமை பிரேக் போன்றவற்றின் உலோகங்களிலிருந்தும் விறகுப் புகையில் பிறந்த கரிமத்திலிருந்தும் வருகிறது என்றார்கள். எடையைப் பார்க்க வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் என்று வகுத்தது. நம் நாட்டின் 2009 தரநிலை 40. எட்டு மடங்கு இடைவெளி இருக்கும்போது எடையைக் குறைப்பதே முதல் வேலை. ஆனால் எடையை எங்கே குறைப்பது என்பதைச் சொல்ல வேதியியல் வேண்டும்.

நம் தரநிலையே இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. அதிலுள்ள 12 மாசுகளில் ஈயம், ஆர்சனிக், நிக்கல், பென்சோபைரீன் நான்கும் துகளுக்குள் இருக்கும் பொருட்கள். 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததில் ஈயத்தை அளந்ததற்கும் பங்கு உண்டு. அந்தத் தெளிவு கந்தகத்தில் இல்லை. அனல்மின் நிலையங்கள் புகையிலிருந்து கந்தகத்தை நீக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது, கெடு பலமுறை தள்ளிப்போனது, 2025 ஜூலையில் பெரும்பாலான அலகுகளுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. சுற்றுப்புறக் காற்றில் சல்பர் டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. வாயுவாக அளந்தால் வரம்புக்குள் இருக்கும்தான். நான்கு நாள் கழித்து நானூறு கிலோமீட்டர் தாண்டி அது சல்பேட்டாகி பி.எம். 2.5 கணக்கில் ஏறுகிறதே, அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

சேலத்தில் சோனா கல்லூரி வளாகத்தில் காற்றுத்தர நிலையம் இருக்கிறது. அதோடு அடிவாரத்தில் ஒரு வடிதாள் கருவி, ஏற்காட்டில் ஒன்று, இரண்டையும் ஆறு நாளைக்கு ஒருமுறை ஆண்டு முழுக்க ஓட்டினால், மலைக்கு ஏறுவது யாருடைய புகை என்று மாதவாரியாகச் சொல்லிவிடலாம். பெரிய செலவில்லை, கல்லூரி ஆய்வகங்கள் செய்யக்கூடிய வேலை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சேலத்தில் நடைப்பயிற்சியை விடிகாலையிலிருந்து வெயில் ஏறி மூடி திறந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல், தள்ளிவைக்கலாம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு நேர்மாறு, மலையில் விடிகாலைதான் சுத்தமான வேளை. மார்ச் முதல் மே வரை மலையில் பிற்பகல் நடையைத் தவிர்த்துக் காலையில் முடித்துக்கொள்வது நல்லது. இளைப்பு உள்ளவர்கள் மழைக்காலத்தில் எண் குறைவாக இருக்கிறதென்று மருந்தைக் குறைத்துவிட வேண்டாம், மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். போகிக்கு எரிப்பதில் பழைய பாயும் துடைப்பமும் ஒரு கணக்கு, டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒயரும் முற்றிலும் வேறு கணக்கு. அவற்றைக் குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.